காசநோய்க் கிருமியை உடல் எப்படி எதிர்கொள்கிறது? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டில் ஒருவருக்குக் காசநோய் என்று தெரிந்தவுடன், மருந்து, உணவு, தொற்றுப் பரவல் ஆகியவற்றைப் பற்றித்தான் முதலில் விசாரிக்கிறார்கள். அந்தப் பதற்றம் தணிந்த பிறகு வேறு வகைக் கேள்விகள் எழுகின்றன. ஒரே வீட்டில் இருந்தும் இவருக்கு மட்டும் ஏன் வந்தது, குழந்தையில் தடுப்பூசி போட்டிருந்தும் ஏன் வந்தது, மருந்து சாப்பிடத் தொடங்கிய பிறகு கழுத்துக் கட்டி ஏன் பெரிதாகிறது என்பன போன்ற கேள்விகள் அவை. அவற்றுக்கான விடைகள் பெரும்பாலும் கிருமியிடம் இல்லை; அந்தக் கிருமிக்கு நம் உடல் காட்டும் எதிர்வினையில் இருக்கின்றன. இப்பக்கம் அந்த எதிர்வினையை விளக்குகிறது. சிகிச்சை முடிவுகளை மருத்துவரிடம் பேசித்தான் எடுக்க வேண்டும்.

கிருமி உடலுக்குள் போய்விட்டால் நோய் வந்தே தீருமா?

இல்லை. உலக மக்களில் ஏறக்குறைய கால் பங்கினரிடம் இக்கிருமியின் தொற்று ஏற்பட்டதற்கான அடையாளம் இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. அவர்களில் 5 முதல் 10 விழுக்காட்டினருக்குத்தான் வாழ்நாளில் என்றாவது நோய் வெளிப்படுகிறது. அப்படி வெளிப்படுபவர்களிலும் ஏறத்தாழ பாதிப் பேருக்குத் தொற்று ஏற்பட்ட முதல் இரண்டு ஆண்டுகளுக்குள்ளேயே அது நிகழ்ந்துவிடுகிறது.

இதை மிகக் கொடூரமான முறையில் காட்டிய நிகழ்ச்சி ஒன்று ஜெர்மனியின் லூபெக் நகரில் நடந்தது. 1929 இறுதியிலும் 1930 தொடக்கத்திலும் அங்கே பிறந்த சுமார் 250 குழந்தைகளுக்கு வாய்வழியாகக் கொடுக்கப்பட்ட, காசநோய்க்கு எதிரான பிசிஜி தடுப்பு மருந்தில், வீரியமுள்ள காசநோய்க் கிருமி தவறுதலாகக் கலந்திருந்தது. எழுபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தனர். ஆனால் பெரும்பான்மையான குழந்தைகள், அவர்களில் பலர் நோயின் அறிகுறிகளைக் காட்டிய பிறகும், எந்தக் கிருமிக்கொல்லி மருந்தும் இல்லாத அக்காலத்தில் பிழைத்துக்கொண்டனர். எல்லாக் குழந்தைகளுக்கும் ஒரே அளவு கிருமி போகவில்லை என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். அப்படியிருந்தும், பச்சிளம் உடலுக்குக்கூட இக்கிருமியை அடக்கும் ஆற்றல் உண்டு என்பது அந்தத் துயரத்திலிருந்து தெரியவந்தது.

மூக்கும் தொண்டையும் இதைத் தடுத்து நிறுத்துவதில்லையா?

பெரிய துளிகளை நிறுத்துகின்றன. மூக்கின் ரோமம், சளிப்படலம், மூச்சுக்குழாயின் உட்சுவரிலுள்ள குறுயிழைகள் ஆகியவை தூசியையும் பெரிய எச்சில் துளிகளையும் பிடித்து மேலே தள்ளிவிடுகின்றன. ஆனால் காசநோயாளி இருமும்போது வெளிப்படும் நுண்துளிகள் காற்றிலேயே உலர்ந்து 1 முதல் 5 மைக்ரோமீட்டர் அளவுக்குச் சுருங்கி, மூடிய அறைக்குள் மணிக்கணக்கில் மிதக்கின்றன. இவ்வளவு சிறியவை எந்தத் தடுப்பிலும் சிக்காமல் நுரையீரலின் கடைக்கோடியிலுள்ள காற்று நுண்ணறைகள் வரை சென்றுவிடும்.

பால்டிமோரில் 1950களில் ரிச்சர்டு ரைலியும் அவருடைய குழுவினரும் காசநோய் வார்டிலிருந்து வெளியேறும் காற்றைக் குழாய் வழியே கினிப் பன்றிகள் இருந்த கூண்டுகளுக்குச் செலுத்தினர். நோயாளிகளைப் பார்க்கவோ தொடவோ வாய்ப்பில்லாத அவ்விலங்குகளுக்கும் தொற்று ஏற்பட்டது. பாத்திரம், துணி, கைகுலுக்கல் ஆகியவற்றுக்கு அஞ்சுவதைவிட ஜன்னலைத் திறந்துவைப்பது ஏன் முக்கியம் என்பதை இந்தச் சோதனை தெளிவாக்குகிறது. நோயாளியின் தட்டையும் டம்ளரையும் ஒதுக்கிவைக்கும் வழக்கம் இன்னும் பல வீடுகளில் தொடர்கிறது. அதனால் அவருடைய மனம் நோவதைத் தவிர வேறு பயன் இல்லை.

உள்ளே வந்த கிருமியை முதலில் எதிர்கொள்வது எது? விழுங்கப்பட்ட கிருமி ஏன் சாகவில்லை?

காற்று நுண்ணறைகளில் மேக்ரோஃபேஜ் எனப்படும் பெரிய விழுங்கணுக்கள் எப்போதும் இருக்கின்றன. மூச்சோடு வரும் அந்நியப் பொருள்களை விழுங்கிச் செரிப்பது அவற்றின் அன்றாட வேலை. அவை காசநோய்க் கிருமியையும் விழுங்குகின்றன. வேறு பாக்டீரியாவாக இருந்தால், அது அடைபட்டுள்ள பை, அமிலமும் செரிப்பு நொதிகளும் நிறைந்த லைசோசோமுடன் இணைந்து, கிருமி சிதைந்துவிடும். காசநோய்க் கிருமியோ தன் மெழுகுபோன்ற தடித்த மேலுறையிலுள்ள கொழுப்புப் பொருள்களையும், தான் சுரக்கும் சில புரதங்களையும் கொண்டு அந்த இணைப்பைத் தடுத்துவிடுகிறது. தன்னைக் கொல்ல வந்த அணுவையே வாழிடமாக்கிக்கொண்டு அதற்குள் பெருகத் தொடங்குகிறது.

இந்த மெழுகு உறைதான், ஆய்வகத்தில் சளியைச் சிவப்புச் சாயமிட்டு அமிலத்தால் கழுவினாலும் கிருமி சாயத்தை விடாமல் வைத்துக்கொள்வதற்கும் காரணம். ராபர்ட் கோக் 1882 மார்ச் 24 அன்று பெர்லினில் இக்கிருமியை உலகுக்கு அறிவிப்பதற்கு முன்பு, அதைக் கண்ணுக்குத் தெரியும்படி சாயமேற்றுவதற்கே அவர் பெரிதும் பாடுபட வேண்டியிருந்தது.

எல்லா விழுங்கணுக்களும் தோற்றுவிடுகின்றன என்று எண்ண வேண்டாம். நோயாளியுடன் மாதக்கணக்கில் ஒரே அறையில் உறங்கியும் எந்தச் சோதனையிலும் தொற்றின் அடையாளம் காட்டாதவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் சிலரிடமாவது இந்த முதற்கட்டத்திலேயே கிருமி அழிக்கப்பட்டிருக்க வேண்டும் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

சளி, ஃப்ளூ போன்றவற்றுக்கு ஓரிரு நாளில் உடல் எதிர்வினை காட்டுகிறது. காசநோய்க்கு மட்டும் ஏன் வாரக்கணக்கில் ஆகிறது?

இரண்டு காரணங்கள் உண்டு. முதலாவது, இக்கிருமி மிக மெதுவாகப் பெருகுகிறது. ஈ.கோலை பாக்டீரியா நல்ல சூழலில் 20 நிமிடத்தில் இரட்டிக்கும். காசநோய்க் கிருமிக்கு ஏறக்குறைய ஒரு நாள் ஆகும். இரண்டாவது காரணம் இதைவிட நுட்பமானது. குறிப்பிட்ட ஒரு கிருமிக்கென்றே செயல்படும் டி செல்கள் என்ற வெள்ளணுக்கள் நுரையீரலில் உருவாவதில்லை. கிருமியின் துணுக்குகளைச் சுமந்துகொண்டு சில வெள்ளணுக்கள் மார்பிலுள்ள நிணநீர் முடிச்சுகளுக்குச் சென்று காட்டிய பிறகுதான், அங்கே தகுந்த டி செல்கள் தெரிவு செய்யப்பட்டுப் பெருகி, இரத்தம் வழியாக நுரையீரலுக்குத் திரும்புகின்றன. காசநோய்க் கிருமி இந்தப் பயணத்தின் தொடக்கத்தையே தாமதப்படுத்துகிறது.

எனவே தொற்று ஏற்பட்டு 2 முதல் 8 வாரங்கள் கழித்துத்தான் தோல் சோதனையிலோ இரத்தச் சோதனையிலோ அதன் அடையாளம் தெரியும். நோயாளியோடு பழகிய மறுநாளே சோதனை செய்துவிட்டு, "ஒன்றுமில்லை" என்று நிம்மதியடைவதில் பொருளில்லை என்பதற்கு இதுவே காரணம்.

டி செல்கள் வந்து என்ன செய்கின்றன? எதிர்ப்பொருள்களுக்குப் பங்கு இல்லையா?

சிடி4 வகை டி செல்கள் நுரையீரலை அடைந்தவுடன் இன்டர்ஃபெரான் காமா என்ற சமிக்ஞைப் புரதத்தைச் சுரக்கின்றன. அது விழுங்கணுவைத் தூண்டி, முன்பு முடங்கிக் கிடந்த அதன் கொல்லும் வழிமுறைகளைச் செயல்பட வைக்கிறது. டிஎன்எஃப் என்ற மற்றொரு புரதமும் இதற்குத் துணை நிற்கிறது. இந்தச் சமிக்ஞை எவ்வளவு இன்றியமையாதது என்பது 1996இல் வெளியான இரண்டு ஆய்வுகளால் உறுதியாயிற்று. மால்டாவையும் துனீசியாவையும் சேர்ந்த சில குழந்தைகளின் உடல் முழுவதும், காசநோய்க் கிருமியின் இனத்தைச் சேர்ந்த, சாதாரணமாகத் தீங்கு செய்யாத மைக்கோபாக்டீரியாக்களும் பிசிஜி தடுப்பூசிக் கிருமியும்கூடப் பரவியிருந்தன. ஆராய்ந்தபோது, இன்டர்ஃபெரான் காமாவை ஏற்றுக்கொள்ளும் புரதத்துக்கான மரபணு அவர்களிடம் பழுதுபட்டிருந்தது தெரியவந்தது.

எதிர்ப்பொருள்கள் இரத்தத்திலும் திசுநீரிலும் மிதக்கும் கிருமிகளைப் பிடிப்பதில் வல்லவை. அணுவுக்குள் ஒளிந்திருக்கும் கிருமியை அவற்றால் நேரடியாக எட்ட முடியாது. காசநோயில் அவற்றுக்கும் ஒரு பங்கு இருக்கக்கூடும் என்ற ஆய்வுகள் நடக்கின்றன, ஆனால் முதன்மைப் பங்கு அவற்றுக்கு இல்லை. எதிர்ப்பொருளை அளந்து காசநோயைக் கண்டறிவதாகச் சொல்லி ஒரு காலத்தில் பல ஆய்வகங்களில் செய்யப்பட்ட இரத்தச் சோதனைகள் தவறான முடிவுகளைத் தந்ததால், உலக சுகாதார நிறுவனம் 2011இல் அவற்றைப் பயன்படுத்த வேண்டாம் என்றது. இந்திய அரசு 2012இல் தடையே விதித்தது.

கிரானுலோமா என்று ஸ்கேன், பயாப்சி அறிக்கைகளில் எழுதுகிறார்களே, அது கட்டியா?

புற்றுநோய் போன்ற கட்டி அல்ல. கிருமியை அழிக்க முடியாதபோது அதைச் சூழ்ந்து அடைத்துவைக்க உடல் உருவாக்கும் அணுத்திரளே கிரானுலோமா. நடுவில் கிருமியைச் சுமக்கும் விழுங்கணுக்கள், அவற்றில் சில ஒன்றோடொன்று இணைந்த பல உட்கருப் பேரணுக்கள், சுற்றிலும் டி செல்களும் எதிர்ப்பொருள்களை உண்டாக்கும் பி செல்களும், அதற்கும் வெளியே நார்த்திசு என்று அதன் அமைப்பு இருக்கும். காலப்போக்கில் மையத்திலுள்ள அணுக்கள் இறந்து, பாலாடைக்கட்டி போன்ற வெண்மஞ்சள் நிறச் சிதைவாக மாறுகின்றன. பயாப்சியில் இச்சிதைவைக் கண்டவுடன் நம் நாட்டு நோயியல் மருத்துவர்களின் எண்ணம் காசநோயின் பக்கம் போவது இயல்பு. பல ஆண்டுகள் கழித்து அங்கே சுண்ணாம்பு படிந்து, எக்ஸ்ரேயில் ஒரு சிறு வெண்புள்ளியாகத் தெரியலாம். வேறு காரணத்துக்காக எடுத்த எக்ஸ்ரேயில் அப்படி ஒரு புள்ளியைக் கண்டு கலங்கியவர்கள் பலர் உண்டு. பெரும்பாலும் அது எப்போதோ நடந்து முடிந்த தொற்றின் வடு.

கிரானுலோமா முழுக்க முழுக்க நன்மைக்கானது என்றுதான் நெடுங்காலம் கருதப்பட்டது. அந்தக் கருத்தை அசைத்தவர்களில் ஒருவர் கேம்பிரிட்ஜில் பணிபுரியும் லலிதா ராமகிருஷ்ணன். சிதம்பரத்தில் பிறந்த நோபல் அறிஞர் வெங்கி ராமகிருஷ்ணனின் தங்கை அவர். வரிக்குதிரை மீனின் குஞ்சுகள் கண்ணாடிபோல் ஒளி ஊடுருவும் உடல் கொண்டவை. அவற்றில் காசநோய்க் கிருமியின் நெருங்கிய உறவான மற்றொரு பாக்டீரியாவைச் செலுத்தி, உயிருள்ள உடலுக்குள் கிரானுலோமா உருவாவதை அவருடைய குழு நேரடியாகப் பார்த்தது. தொடக்க நிலையில் கிருமியே புதிய விழுங்கணுக்களைத் தன் பக்கம் வரவழைக்கிறது. இறந்த அணுவிலிருந்து வெளிப்படும் கிருமிகளை இவை விழுங்கிக்கொண்டு வேறிடங்களுக்கும் நகர்கின்றன. 2009இல் வெளியான இந்த ஆய்வின்படி, உடலின் ஏற்பாட்டையே கிருமி தன் பரவலுக்குப் பயன்படுத்திக்கொள்கிறது. இரு தரப்புக்கும் பயன்படும் இடம் என்பதுதான் கிரானுலோமாவைப் பற்றிய நேர்மையான விவரிப்பு என்று எனக்குத் தோன்றுகிறது.

உறைநிலைத் தொற்று என்றால் கிருமி உறங்கிக்கொண்டிருக்கிறதா?

அவ்வாறு சொல்வது வசதிக்காக. ஒரே மனிதரின் நுரையீரலில் ஒரு கிரானுலோமா முற்றிலும் கிருமியற்றதாகவும், இன்னொன்றில் கிருமிகள் மெல்லப் பெருகிக்கொண்டும் இருக்கலாம் என்று குரங்குகளில் நடந்த ஆய்வுகள் காட்டுகின்றன. உறைநிலைத் தொற்று உள்ளவருக்கு இருமல், காய்ச்சல் எதுவும் இருக்காது. அவரிடமிருந்து பிறருக்கும் பரவாது.

அப்படியானால் நுரையீரலைக் கெடுப்பது கிருமியா, நம் உடலா?

இப்பக்கத்தின் முக்கியமான கேள்வி இதுவே. காசநோய்க் கிருமி, காலரா அல்லது தொண்டை அடைப்பான் கிருமியைப்போல் உடலைச் சீரழிக்கும் வீரியமான நச்சை வெளியேற்றி நோயை உண்டாக்குவதில்லை. நுரையீரல் சிதைவின் பெரும்பகுதி உடலின் எதிர்வினையால் நேர்கிறது. கிருமியைத் தாக்க வரும் வெள்ளணுக்கள் வெளியிடும் நொதிகள், நுரையீரலின் தாங்குசட்டமாக விளங்கும் கொலாஜனையும் சேர்த்து அரித்துவிடுகின்றன. மையச் சிதைவு இளகி, அருகிலுள்ள மூச்சுக்குழாயைத் துளைத்து வெளியேறினால், அந்த இடத்தில் ஒரு குழி ஏற்படுகிறது. காற்று தாராளமாகக் கிடைக்கும் இக்குழியின் சுவரில் கிருமிகள் கோடிக்கணக்கில் பெருகுகின்றன. ஒவ்வொரு இருமலிலும் வெளியே வருகின்றன. குழியின் சுவரில் ஓடும் இரத்தநாளம் அரிக்கப்பட்டால் சளியில் இரத்தம் வருகிறது.

இதற்கு வலுவான சான்று எச்.ஐ.வி. நோயாளிகளிடம் கிடைக்கிறது. சிடி4 டி செல்கள் மிகவும் குறைந்துவிட்டவர்களுக்குக் காசநோய் வந்தால், கிருமி உடலெங்கும் பரவியிருந்தாலும் நுரையீரலில் குழிகள் அரிதாகவே காணப்படுகின்றன. அவர்களுடைய சளியில் கிருமி குறைவாக இருப்பதால் நுண்ணோக்கிச் சோதனையில் பல நேரம் தப்பிவிடுகிறது. வலுவான நோயெதிர்ப்பு உள்ளவரின் உடலில்தான் குழி உண்டாகிறது, அவரிடமிருந்துதான் கிருமி அதிகம் பரவுகிறது. இந்தக் கிருமி பல்லாயிரம் ஆண்டுகளாக மனித இனத்தோடு ஒட்டிக்கொண்டிருக்க முடிந்ததற்கு, நம் எதிர்ப்பிலிருந்து தப்பித்தது மட்டும் காரணமில்லை. அந்த எதிர்ப்பை அது நம்பியும் இருக்கிறது.

மாலைக் காய்ச்சல், இரவு வியர்வை, எடை குறைவு ஆகியவை ஏன் ஏற்படுகின்றன?

விழுங்கணுக்கள் சுரக்கும் இன்டர்லூக்கின்-1, இன்டர்லூக்கின்-6, டிஎன்எஃப் ஆகியவை மூளையின் ஹைப்போதலாமஸ் பகுதியில் உடல்வெப்பத்தின் வரம்பை உயர்த்துகின்றன. உடல்வெப்பம் இயல்பாகவே மாலையில் சற்று ஏறி அதிகாலையில் இறங்கும். காய்ச்சலும் அந்த ஏற்ற இறக்கத்தைப் பின்பற்றுவதால், இரவில் அது தணியும்போது வியர்த்துக் கொட்டுகிறது. இதே புரதங்கள் பசியைக் குறைத்து, தசையையும் கொழுப்பையும் கரைக்கின்றன. ஆகவே இந்த மூன்றும் கிருமி நேரடியாகச் செய்யும் சேதமல்ல, நீண்டுபோன போராட்டத்தின் செலவு. 2 வாரங்களுக்கு மேல் இருமலோ காய்ச்சலோ நீடித்தால் சளிப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும் என்று அரசின் காசநோய் ஒழிப்புத் திட்டம் வலியுறுத்துகிறது.

மாண்டோ சோதனையில் கை வீங்கினால் நோய் இருக்கிறது என்று பொருளா?

இல்லை. கிருமியின் புரதக் கலவையை முன்கைத் தோலுக்குள் 0.1 மில்லி லிட்டர் அளவு செலுத்துகிறார்கள். முன்பே அக்கிருமியைச் சந்தித்த டி செல்கள் உடலில் இருந்தால், அவை அவ்விடத்துக்கு வந்து திரள்கின்றன. இதற்கு 48 முதல் 72 மணி நேரம் ஆகும். அளக்க வேண்டியது தடித்துக் கெட்டிப்பட்ட பகுதியைத்தான். சிவந்திருப்பதை அளக்கக் கூடாது. இச்சோதனை காட்டுவது நினைவாற்றலை மட்டுமே: "இந்த உடல் இக்கிருமியை ஒருநாள் பார்த்திருக்கிறது." இப்போது நோய் இருக்கிறதா என்பதற்குச் சளிப் பரிசோதனையும் எக்ஸ்ரேயும் வேண்டும். உடல் மிக நலிந்த நிலையில், கடுமையான நோய் இருந்தும் தோல் வீங்காமல் போவதும் உண்டு.

பிசிஜி ஊசி போட்டவர்களுக்கும் இச்சோதனையில் வீக்கம் வரலாம். ஆனால் தடுப்பூசிக் கிருமியிடம் இல்லாத, காசநோய்க் கிருமியிடம் இருக்கும் ஈசாட்-6, சிஎஃப்பி-10 என்ற புரதங்களைக் கொண்டு செய்யும் இரத்தச் சோதனைகளிலும் புதிய தோல் சோதனைகளிலும் இந்தக் குழப்பம் இல்லை.

மாண்டோ சோதனையின் முன்வரலாறு சுவையானது. கோக் 1890இல் டியூபர்குலின் என்ற கிருமிச் சாற்றைக் காசநோய்க்கு மருந்து என்று அறிவித்தார். அதைப் போட்டுக்கொண்ட நோயாளிகளுக்குக் கடும் காய்ச்சலும் நோயிருந்த இடங்களில் வீக்கமும் ஏற்பட்டன, சிலர் இறந்தனர். எதிர்வினையைத் தூண்டிவிட்டால் நோய் குணமாகும் என்ற எண்ணம் அப்போதே பலமாக அடிவாங்கியது. மருந்தாகத் தோற்ற அதே சாறு, 1908இல் சார்லஸ் மாண்டோவின் கையில் கண்டறியும் கருவியாக நிலைபெற்றது.

பிறந்தவுடன் பிசிஜி போட்டிருந்தும் ஏன் வருகிறது?

பிசிஜி சிறு குழந்தைகளைக் காசநோய் மூளைக்காய்ச்சலிலிருந்தும், உடல் முழுவதும் பரவும் காசநோயிலிருந்தும் நன்கு காக்கிறது. அதற்காகவே அது போடப்படுகிறது. பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயில் அதன் பயன் நாட்டுக்கு நாடு வேறுபடுகிறது. இதைப் பற்றிய மிகப் பெரிய சோதனைகளில் ஒன்று நம் செங்கல்பட்டு மாவட்டத்தில் நடந்தது. 1968இல் தொடங்கி, இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட மக்களுக்குப் பிசிஜியோ வெற்று ஊசியோ போட்டு, 15 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்ததில், பெரியவர்களுக்குக் கிருமியுள்ள நுரையீரல் காசநோய் வருவதை அது தடுக்கவில்லை என்று தெரிந்தது. பிரிட்டனில் பள்ளி மாணவர்களிடம் நல்ல பலன் தந்த தடுப்பூசி இங்கே தோற்றது ஏன் என்பதற்கு, இப்பகுதியின் மண்ணிலும் நீரிலும் வாழும் தீங்கற்ற மைக்கோபாக்டீரியாக்கள் உடலை முன்பே பழக்கிவிடுவதால் தடுப்பூசிக்குக் கூடுதலாகச் செய்ய எதுவும் மிஞ்சுவதில்லை என்பது ஒரு விளக்கம். அடிப்படையான சிக்கல் வேறொன்றும் உண்டு: காசநோய்க்கு எதிராக எந்த வகை எதிர்வினை, எவ்வளவு இருந்தால் பாதுகாப்பு என்று அளந்து சொல்லும் அடையாளம் இன்னும் கையில் இல்லை.

தொற்றுள்ளவருக்கு நோய் எப்போது எளிதில் வெளிப்படுகிறது?

சிடி4 அணுக்களைக் குறைக்கும் எச்.ஐ.வி. இவற்றில் முதலிடம் பெறுகிறது. சிகிச்சை பெறாத எச்.ஐ.வி. நோயாளிக்கு, மற்றவர்களின் வாழ்நாள் அபாயத்துக்கு ஈடான அபாயம் ஒரே ஆண்டில் இருக்கிறது. நீரிழிவு நோய் அபாயத்தை ஏறக்குறைய இரண்டு முதல் மூன்று மடங்காக்குகிறது; தமிழ்நாட்டில் நீரிழிவு எவ்வளவு பரவலாக இருக்கிறது என்பதை எண்ணினால் இதன் கனம் புரியும். புகைப்பழக்கம், மிகுந்த குடி, கல்குவாரித் தூசி, ஐந்து வயதுக்குட்பட்ட பருவம், மூப்பு ஆகியவற்றையும் சொல்ல வேண்டும்.

மூட்டுவாதம் போன்ற நோய்களுக்குக் கொடுக்கப்படும் டிஎன்எஃப் தடுப்பு மருந்துகள் தனியாகக் குறிப்பிடத்தக்கவை. இன்ஃப்ளிக்ஸிமாப் என்ற அம்மருந்தைப் பெற்ற 70 பேருக்குக் காசநோய் வெளிப்பட்டதாக 2001இல் ஓர் ஆய்வறிக்கை வெளியாயிற்று. பலருக்கு மருந்து தொடங்கிய சில மாதங்களிலேயே அது நிகழ்ந்திருந்தது. டிஎன்எஃப் இல்லாவிட்டால் கிரானுலோமா கட்டுக்குலைந்துபோகும் என்று எலிகளில் கண்டது மனிதரிடமும் உறுதியாயிற்று. இம்மருந்துகளைத் தொடங்கும் முன் உறைநிலைத் தொற்று உண்டா என்று சோதிப்பது இன்று கட்டாய நடைமுறை.

நோயெதிர்ப்புச் சக்தியைக் கூட்டும் பானங்கள், மாத்திரைகள் உதவுமா?

நோயெதிர்ப்பு கூடக்கூட நல்லது என்ற அனுமானமே காசநோயில் செல்லாது என்பதை மேலே கண்டோம். டிஎன்எஃப் குறைந்தால் கிருமி பெருகும். அளவுக்கு மிஞ்சினால் விழுங்கணுக்களே வெடித்துச் சிதறிக் கிருமியை வெளியே விடுகின்றன என்று அதே மீன் குஞ்சு ஆய்வுகள் காட்டின. கடையில் விற்கும் எந்தப் பானமும் இதில் எந்தப் பக்கம் தள்ளுகிறது என்று யாரும் அளந்ததில்லை. வைட்டமின் டி விழுங்கணுக்களுக்கு உதவுகிறது என்பது ஆய்வகத்தில் தெளிவாகக் காட்டப்பட்டதுதான். ஆயினும் மங்கோலியாவின் உலான்பாட்டரில் 8,851 பள்ளிக் குழந்தைகளிடம் 3 ஆண்டுகள் நடத்தப்பட்ட சோதனையில், வாரந்தோறும் வைட்டமின் டி கொடுத்தும் தொற்று குறையவில்லை.

சாதாரண உணவுக்கு இருக்கும் சான்று இதைவிட எவ்வளவோ வலுவானது. ஜார்க்கண்டில் 2019 முதல் 2022 வரை நடந்து, 2023இல் வெளியான ரேஷன்ஸ் ஆய்வில், காசநோயாளிகளின் வீட்டிலுள்ள மற்றவர்களுக்கு மாதந்தோறும் அரிசி, பருப்பு முதலியவையும் சத்து மாத்திரைகளும் வழங்கப்பட்டன. அதனால் அவர்களுக்குப் புதிதாகக் காசநோய் வருவது 39 விழுக்காடு குறைந்தது. கிருமி உறுதிசெய்யப்பட்ட நுரையீரல் காசநோய் 48 விழுக்காடு குறைந்தது. ஊட்டச்சத்துக் குறைபாடு டி செல்களின் எண்ணிக்கையையும் திறனையும் குறைக்கிறது. பற்றாக்குறை உள்ள உடலுக்குத் தேவையான உணவைக் கொடுப்பது வேறு, நிறைவாக உண்பவர் மேலும் ஏதோ ஒன்றைக் குடிப்பது வேறு. நோயாளிகளின் உணவுக்காக மத்திய அரசு நி-க்ஷய் போஷண் திட்டத்தின்கீழ் வழங்கிவந்த மாதம் 500 ரூபாய், 2024 நவம்பர் முதல் 1,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது.

இருப்பினும் உணவு மருந்துக்கு மாற்றாகாது. சென்னையில் 1956இல் நிறுவப்பட்ட காசநோய் வேதிச்சிகிச்சை மையம், இன்று சேத்துப்பட்டிலுள்ள தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம், நோயாளிகளை இரு பிரிவாக்கி ஆராய்ந்தது. ஒரு பிரிவினர் சானடோரியத்தில் நல்ல உணவும் ஓய்வும் பெற்றனர். மறு பிரிவினர் நெரிசலான தம் வீடுகளிலேயே, எளிய உணவோடு, அதே மருந்துகளை உட்கொண்டனர். 1959இல் வெளியான முடிவுகளின்படி இரு பிரிவினரும் ஏறக்குறைய ஒரே அளவில் குணமடைந்தனர். வீட்டில் இருந்தவர்களின் குடும்பத்தாருக்குக் கூடுதல் ஆபத்தும் ஏற்படவில்லை. உலகெங்கும் சானடோரியங்கள் மூடப்படுவதற்கு இந்த ஆய்வு பெரிய காரணம்.

ஒரு மாதத்தில் இருமல் நின்றுவிட்டது. பிறகும் 6 மாதம் ஏன் மருந்து?

வேகமாகப் பெருகும் கிருமிகள் முதல் சில வாரங்களிலேயே பெருமளவு இறந்துவிடுகின்றன. அவற்றோடு உடலின் எதிர்வினையும் தணிவதால் காய்ச்சலும் இருமலும் நிற்கின்றன. எஞ்சியவை கிரானுலோமாவின் சிதைந்த மையத்தில், உயிர்வளி குறைந்த சூழலில், ஏறக்குறைய பெருகாமல் கிடக்கின்றன. பெருகாத கிருமியை மருந்து மெதுவாகத்தான் கொல்லும். இரத்தநாளமற்ற அம்மையத்துக்குள் மருந்து ஊடுருவுவதும் கடினம். இடையில் நிறுத்தினால் மிஞ்சியவை மீண்டும் பெருகும். மருந்துக்குக் கட்டுப்படாதவையாகவும் மாறலாம்.

மருந்து சாப்பிடும்போதே கழுத்து நெறிகட்டி பெரிதாகிறது. மருந்து வேலை செய்யவில்லையா?

பெரும்பாலும் அப்படி இல்லை. இறக்கும் கிருமிகளிலிருந்து வெளிப்படும் பொருள்களைக் கண்டு, மீண்டு வரும் நோயெதிர்ப்பு மண்டலம் திடீரென வீரியம் கொள்வதால் இந்த வீக்கம் ஏற்படுகிறது. எச்.ஐ.வி. நோயாளிகள் அதற்கான சிகிச்சையைத் தொடங்கிய முதல் சில வாரங்களில் இது இன்னும் கடுமையாக இருக்கும். ஆனால் மருந்துக்கு எதிர்ப்புள்ள கிருமியாலும் இதேபோல் நிகழக்கூடும் என்பதால், நோயாளி தானே முடிவு செய்துகொண்டு மருந்தை நிறுத்தவோ, கவலையில்லை என்று விட்டுவிடவோ கூடாது. மருத்துவர் சோதித்துப் பார்த்து முடிவு செய்ய வேண்டும்.

காசநோய் மூளைக்காய்ச்சலுக்கு, எதிர்ப்பைக் குறைக்கும் ஸ்டீராய்டைக் கொடுக்கிறார்களே, அது முரணாக இல்லையா?

முதற்பார்வையில் முரண்தான். மூளை, விரிய இடமில்லாத எலும்புக் கூட்டுக்குள் இருப்பதால், அங்கே ஏற்படும் வீக்கமே உயிரைப் பறிக்கும். வியட்நாமில் 545 நோயாளிகளிடம் நடத்தப்பட்டு 2004இல் வெளியான சோதனையில், காசநோய் மருந்துகளோடு டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டும் பெற்றவர்களில் சுமார் 32 விழுக்காட்டினரும், பெறாதவர்களில் சுமார் 41 விழுக்காட்டினரும் இறந்தனர். கிருமியைக் கொல்லும் வேலையை மருந்துகள் ஏற்றுக்கொள்ளும்போது, உடலின் எதிர்வினையைச் சற்று அடக்கிவைப்பது இங்கே உயிர் காக்கிறது. பிழைத்தவர்களின் உடல் ஊனம் இதனால் குறையவில்லை என்பதையும் அதே சோதனை தெரிவித்தது. கிருமிக்கொல்லி மருந்துகள் இல்லாமல் ஸ்டீராய்டை மட்டும் கொடுத்தால் விளைவு நேர்மாறாக இருக்கும்.

ஒருமுறை வந்து குணமானவருக்கு மறுபடியும் வருமா?

வரலாம். அம்மை நோயைப்போல் ஒருமுறை வந்தால் ஆயுள் முழுவதும் பாதுகாப்பு என்ற நிலை காசநோயில் இல்லை. கேப்டவுன் நகரில் கிருமிகளின் மரபணு அடையாளத்தை ஒப்பிட்டுச் செய்த ஆய்வில், முழுமையாகக் குணமானவர்களுக்குப் புதிய கிருமியால் மீண்டும் நோய் ஏற்படும் விகிதம், அதே பகுதியில் முதன்முறையாக நோய்வாய்ப்படுபவர்களின் விகிதத்தைவிட அதிகமாக இருந்தது. முதல் நோயில் நுரையீரலில் ஏற்பட்ட தழும்பும், அவர்கள் தொடர்ந்து வாழும் நெரிசலான சூழலும் இதற்குக் காரணமாக இருக்கலாம். சிகிச்சை முடிந்த பிறகு 2 ஆண்டுகள் வரை, 6 மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனைக்கு வரும்படி அரசு மருத்துவமனைகளில் சொல்வது இதற்காகத்தான். அதற்குள் இருமலோ எடை குறைவோ மீண்டும் தோன்றினால், அடுத்த தேதிக்குக் காத்திராமல் உடனே சென்று சளியைக் கொடுத்துப் பரிசோதித்துக்கொள்ள வேண்டும்.